ஐந்து பத்துக்கு வடிந்த வெள்ளம்

அத்தியாயம் 12

வாசலுக்குக் கதவில்லாத வீட்டில் சடையப்பன் பதினோரு நாள் படுத்து எழுந்துவிட்டார். தூங்கினார் என்று சொல்ல முடியாது.

கதவு இருந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்திருந்தார்கள். காற்று வீசினால் அது தகரம்போல் அதிர்ந்தது. ஆலமேட்டில் நாட்டாமை வீட்டு வாசலுக்கு இப்படி ஒரு கோலம் வரும் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் ஊருக்குள் நடமாடியிருக்க மாட்டான்.

கதவை அவர் லேசில் கொடுத்துவிடவில்லை. மகள் தமிழ்ச்செல்வி மூன்று முறை வந்து கேட்டாள். கடலூரில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் அவள். முதுநகரில் காலியாகக் கிடந்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில், வெள்ளம் புகுந்த வீடுகளின் கதவுகளைத் தொங்கவிட்டு ஒரு காட்சி அமைக்கிறாள். மாவட்டம் முழுக்க அலைந்து முப்பத்தோரு கதவு சேர்த்திருந்தாள். "கதவக் கழட்டிக் குடுக்க இது இன்னா இழவு வீடா?" என்று முதல் முறை விரட்டினார் சடையப்பன். இரண்டாம் முறை முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை அவள், "காலனியிலேர்ந்து கூட குடுத்திருக்காங்கப்பா" என்றாள்.

அதுதான் தைத்தது. காலனிக் கதவு போகும் இடத்துக்கு நாட்டாமை வீட்டுக் கதவு போகாமல் இருப்பதா?

"குடுக்கிறேன். ஆனா நம்ம கதவுதான் மொதல்ல தொங்கணும்," என்றார்.

அந்தக் கதவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வந்து வடிந்ததும், தண்ணீர் நின்ற உயரத்தில் வீட்டுத் தலைவன் ஒரு பித்தளை ஆணி அறைவான். பக்கத்தில் தேதியும், தண்ணீர் வடிந்த மணியும் பெயிண்டில் எழுதுவான். ஏறிய நேரத்தை எழுதவே கூடாது. எழுதினால் வாவென்று அழைத்ததாகிவிடும். வடிந்ததை எழுதினால், வந்தது போய்விட்டது என்று பொருள். பாட்டனும் அப்பனும் அறுபது வருடத்தில் மூன்று ஆணி அறைந்தார்கள். கடைசி இருபது வருடத்தில் சடையப்பன் ஒருவரே நான்கு அறைந்துவிட்டார்.

இன்று பத்தரை மணிக்குத் திறப்பு. ஆறு மணிக்கே இஸ்திரி வேட்டியும் சட்டையுமாக அவர் தயார். ரத்தினம்மாள் மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"கெளம்பலயா நீ?"

"நான் வரல. நீங்களும் தம்பியும் போயிட்டு வாங்க."

"பெத்த பொண்ணு கூப்புட்டிருக்கா. நாலு பெரிய மனுசன் வரான். ஊரு வருது."

"ஊரு வருதுன்னுதான் நான் வரல," என்றாள் அவள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

கதவு போன வருத்தம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவர் தப்பாக எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

வண்டியை ஓட்டியது சிங்காரம். ரத்தினம்மாளின் தம்பி. அக்காளைக் கட்டிக்கொடுத்தபோது பதினாறு வயதில் துணைக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. இன்று அவனுக்கும் அறுபது. மாமா உட்காரச் சொன்னால் உட்காருவான், நிற்கச் சொன்னால் நிற்பான். ஏன் என்று கேட்ட நாள் கிடையாது.

சிதம்பரம் மேலவீதியில் நிறுத்தி, சடையப்பன் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டார்.

"யாருக்கு மாமா மால? கலெக்டருக்கா?"

"கதவுக்கு."

"அதான பாத்தேன்." சிங்காரம் வண்டியைக் கிளப்பினான். "பாப்பா அதுக்கு இன்னாமோ இங்கிலீசுல பேரு சொல்லுது. இன்ஸ்டலே... இன்ஸ்டலே... எனக்கு வாயில நொழையல. நான் கதவுச் சந்தைன்னு சொல்லிக்கிறேன்."

"சந்தைன்னா வெலைக்குப் போவும். நம்ம கதவு வெலைக்குப் போற கதவு இல்ல."

"சரி, கதவுத் திருவிழா."

சடையப்பன் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது சிங்காரம் தொண்டையைச் செருமினான். "ராபர்ட் வூட்டுக் கதவும் வருதாம் மாமா. அவரு பொண்ணு பிரிசில்லா கொண்டாந்து குடுத்துச்சாம்."

"வரட்டும்."

"அதுக்கில்ல மாமா..."

"மச்சான். ரோட்டப் பாத்து ஓட்டு."

கீழே ஆறு கலங்கி நின்றது. ஓடவில்லை. கடல் எதிர்த்து நின்றால் வெள்ளாறு இப்படித்தான் நிற்கும்.

பத்து வருடத்துக்கு முந்தைய கார்த்திகையிலும் இப்படித்தான் நின்றது. கடல் வாங்கவில்லை, அதனால் ஆறு வாங்கவில்லை, ஆலமேட்டில் நான்கு நாள் தண்ணீர் அசையாமல் கிடந்தது. முந்நூறு ஏக்கர் சம்பாப் பயிர் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மழை விட்டது. தண்ணீர் விடவில்லை.

வடிகால் வாய்க்காலின் கிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், காலனி. அந்தக் கரையை மூன்று மண்வெட்டிகள் திறந்துவிட்டன. நாட்டாமை முதல் வெட்டுப் போட்டால்தான் அடுத்தவன் மண்ணில் கை வைப்பான். அது ஊர் முறை. சடையப்பன் முதல் வெட்டுப் போட்டார்.

காலனியில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த ராபர்ட் போகவில்லை. அவரை விட்டுவிட்டு மனைவி அமராவதியும் போகவில்லை. அமராவதியை மறுநாள் புளியமரத்திலிருந்து உயிரோடு இறக்கினார்கள். ராபர்ட்டைக் கருவேலங்காட்டில் பிணமாகத் தேடி எடுத்தார்கள்.

கரை தானாக உடைந்தது என்று ஊர் சொன்னது. பத்து வருடமாக அதையே சொல்லி, ஊர் அதை நம்பவும் தொடங்கிவிட்டது. மண்வெட்டி பிடித்த மூவரில் ஒருவன் போன வருடம் செத்துப்போனான். மிச்சம் இருவரும் இந்த வண்டிக்குள் இருந்தார்கள்.

கிட்டங்கி உப்பனாற்றுக் கரையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சடையப்பன் குனிந்து தரையைப் பார்த்தார்.

தரை முழுக்க வயல் மண். அதில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது. கடல்நீர் ஏறி விளையாமல் போன நிலங்களிலிருந்து அள்ளிவந்த மண் அது. விட்டத்திலிருந்து கயிறு கட்டிக் கதவுகள் தொங்கின. தேக்கு, வேம்பு, பலகை, தகரம். மனிதக் கண் மட்டத்தில், கட்டிடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மீன்வலைக்குப் பின்னும் நீல நூல் ஒன்று விறைப்பாக ஓடியது. ஒவ்வொரு கதவிலும் தண்ணீர் நின்ற அடையாளம் அந்த நூலில் வந்து பொருந்துமாறு தமிழ்ச்செல்வி கட்டியிருந்தாள். அதனால் ஒரு கதவு அந்தரத்தில் தொங்கியது. ஒரு கதவு தரையை உரசியது. நூலுக்குக் கீழே நடக்கிற எல்லோரும் மூழ்கினவர்கள்போல் தெரிந்தார்கள்.

முதல் கதவு அவருடையது. அதில் பத்து வருடத்துக்கு முந்தைய கார்த்திகை ஆணிதான் நூலில் பொருந்தியிருந்தது. தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தது. அதன் தலையைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நம்ம கதவுதான் எல்லாத்த விடவும் உசரம்," என்றார் மகளிடம்.

தமிழ்ச்செல்வி அவரைப் பார்க்காமல் நூலைப் பார்த்தாள். "உசரமா தொங்குதுன்னா நம்ம வீட்ல தண்ணி கொறச்சலா நின்னுதுன்னு அர்த்தம்ப்பா. தரையில நிக்கிறதுங்கதான் முழுகினது."

ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் அந்த வீட்டார் சொன்னதை எழுதிய அட்டை ஒன்று இருந்தது. அவர் கதவின் அட்டை வெறுமையாக இருந்தது.

"நம்முது எழுதலயா?"

"நீங்க பேசுவீங்கன்னு விட்டு வச்சேன்," என்றாள். கண்ணின் கீழே கறுத்திருந்தது. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது கதவு தகரக் கதவு. குட்டையாகத் தரையில் நின்றது. நீல நூல் அதன் தலைக்கு மேலே அரை அடி விலகிப் போயிற்று. அதில் கோடே இல்லை. அட்டையில் ஒரு வரி: 'ராபர்ட் வீடு, ஆலமேடு காலனி.'

"இத எதுக்கு இங்க வச்ச?"

"ஆலமேடு மொதல்ல வரணும்னு நீங்கதான சொன்னீங்க. இதுவும் ஆலமேடுதான்."

ஜனம் சேரத் தொடங்கியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், மீனவக் குடும்பங்கள், கதவு கொடுத்த வீட்டார். சடையப்பன் மாலையை விரித்துக்கொண்டு தம் கதவருகே போனார். அங்கே முப்பது வயதுள்ள ஒரு பெண், பருத்திப் புடவையில், நூலில் பொருந்திய ஆணிக்குப் பக்கத்தில் அவர் எழுதியதைப் படித்துக்கொண்டு நின்றாள். ராபர்ட்டின் மகள், சிதம்பரத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் பிரிசில்லா. ஒரே ஊர்தான். இவ்வளவு பக்கத்தில் அவளை அவர் பார்த்ததில்லை.

"ஐயா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா. எங்க வீட்டு வழக்கம் இது. பாட்டன் காலத்திலேர்ந்து." நான்கு பேர் திரும்பிப் பார்த்தது அவருக்குத் தெம்பாக இருந்தது. "தண்ணி ஏறினத எழுத மாட்டோம். வடிஞ்சத மட்டுந்தான் எழுதுவோம்."

"மணி பாத்து எழுதுவீங்களா, குத்துமதிப்பாவா?"

"சடையப்பன் குத்துமதிப்பா எதையும் எழுத மாட்டான். வாசல்ல கை கடியாரத்தோட நின்னு, படியில மொத ஈரம் தெரிஞ்சதும் எழுதினது. ஒரு நிமிசம் முன்ன பின்ன இருக்காது."

"அஞ்சு பத்து."

"அஞ்சு பத்து."

பிரிசில்லா தலையசைத்தாள். குரல் உயரவில்லை. நோயாளியிடம் பேசுகிற குரல் அது. "எங்க அம்மா எனக்கு போன் பண்ணது அஞ்சு பதினெட்டு. நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். 'மழ விட்டு ரெண்டு மணி நேரமாச்சுடி, இப்ப எங்கேர்ந்து தண்ணி வருது, அப்பாவ தூக்க முடியலடி'ன்னாங்க. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு. எங்கேர்ந்து தண்ணி வந்துச்சுன்னு நான் பத்து வருஷமா எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன் ஐயா."

சடையப்பனுக்கு அப்போதுதான் தம் கையெழுத்து தெரிந்தது. பத்து வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தார். அது அவர் வீட்டிலிருந்து வடிந்த தண்ணீரின் மணி, அவ்வளவுதான். வடிந்த தண்ணீர் எங்கேயாவது ஏறியிருக்கும் என்று அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"கர தானா ஒடைஞ்சுது," என்றார். "ஊரக் கேளு."

"ஊர நான் கேட்டேன்ப்பா." தமிழ்ச்செல்வி பின்னால் நின்றிருந்தாள். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. ஒரு வார்த்த மாறல. உங்களத்தான் இன்னும் கேக்கல. மூணு நாளைக்கு முந்தி இந்தக் கதவ மாட்டறப்பவே பிரிசில்லா சொன்ன மணியும் இதுவும் ஒட்டி வரதப் பாத்துட்டேன்."

"பாத்துட்டு எறக்கலயா நீ?"

"எறக்கல."

பெற்ற மகள். முப்பத்து நான்கு வயது. பலர் பார்க்க, அவர் வீட்டுக் கதவையே அவருக்கு எதிரில் சாட்சியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அழுதிருந்தால்கூட அதட்டியிருப்பார். அவள் அழவில்லை.

"அப்பா, கரைய வெட்டினது யாரு?"

சுற்றிலும் நின்றவர்கள் இரண்டு அடி நெருங்கி வந்தார்கள். சடையப்பன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மாலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிங்காரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பிரிசில்லாவைப் பார்க்காமல் தகரக் கதவைப் பார்த்துச் சொன்னான். "நான்தான் வெட்டுனேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வூட்ல இருந்தாரு."

சடையப்பனுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அதை அவரால் மாற்றிக்கொள்ள முடியாது. முதலில் வந்தது நிம்மதிதான்.

"நீங்க ஒரு ஆளாவா?" என்றாள் பிரிசில்லா.

"ஒரு ஆளாத்தான். கொஞ்சம் வழி வுட்டா போதும்மா, மிச்சத்தத் தண்ணியே அறுத்துக்கும்."

அவள் சடையப்பனிடம் திரும்பினாள். "ஐயா, இவரு சொல்றது நெசமா?"

சிங்காரம் கெஞ்சுகிற மாதிரி அவரைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினானா, சொல்லிவிடுங்கள் என்றா? அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் சடையப்பன் நிற்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

தமிழ்ச்செல்வி வெறும் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க அம்மா வீட்லதான் இருக்காங்க," என்றாள் பிரிசில்லா சிங்காரத்திடம். "அவுங்க முன்னாடி ஒக்காந்து, நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுக்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போறதப் பத்திப் பேசலாம்."

"வரேம்மா." சிங்காரம் திரும்பினான். "மாமா, நீங்க பஸ்ல போயிடுங்க. அக்காகிட்ட நானே பேசிக்கிறேன்."

சடையப்பன் கையில் மாலை இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குடும்ப மானம் போகவில்லை என்று வழியெல்லாம் தமக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வெட்டியது மச்சான். மச்சான் வேறு ஊர்க்காரன், வேறு வீட்டு ரத்தம். நாளைக்கு நாலு பேர் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது. ரத்தினம்மாள் அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"பின்னால வரான்."

"வண்டிச் சத்தம் கேக்கல?"

அவர் கை கழுவப் போனார். அதற்குள் அவள் செல்போன் அடித்தது. பேசியது சிங்காரம் என்பது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நெடுநேரம் 'ம்' மட்டும் கொட்டினாள்.

"எங்க இருக்க இப்ப?... அமராவதி இருக்குதா?... எத்தினி பேருன்னு சொன்ன?" அவள் கண் நிமிர்ந்து கணவன்மேல் நின்றது. "ஒரு ஆளா?... சரி. எதுலயும் கையெழுத்துப் போடாத. நான் வர வரைக்கும் பேனாவத் தொடாத."

போனை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்க கெளம்பற?"

"ராபர்ட் வூட்டுக்கு."

"ரத்தினம். அவனா ஒத்துக்கிட்டான், நான் சொல்லல. நீ இப்ப வாசலத் தாண்டினா இந்தக் குடும்பத்து மானம் சந்தி சிரிச்சிடும்."

"என் தம்பி ஜெயிலுக்குப் போனா சிரிக்காதா?"

"நீ இன்னாத்தக் கண்ட? அன்னிக்கு நீ பரண்மேல தூங்கிக்கிட்டிருந்த."

"நான் தூங்குனனா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "உங்க மம்பட்டியக் கழுவி வச்சது யாருன்னு நெனச்சீங்க இத்தினி நாளா?"

அன்று விடிகாலை கொட்டகை ஓரமாக மண்வெட்டியைச் சேறோடு போட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் அது சுத்தமாகச் சுவரில் சாத்தியிருந்ததும் நினைவிருந்தது. நடுவில் ஒரு கை இருந்ததைத்தான் அவர் நினைக்கவில்லை.

"பத்து வருஷம் வாய மூடிக்கிட்டிருந்தேன்," என்றாள் ரத்தினம்மாள். "அமராவதி நடவுக்கு வரப்பெல்லாம் அது மொகத்தப் பாக்காம சோறு போட்டேன். அது என் பாவம், நான் பட்டுக்கறேன். ஆனா எந்தம்பி தலையில உங்க வெட்ட ஏத்த நான் வுட மாட்டேன்."

பலகையைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சடையப்பன் இரண்டு இலைகளுக்கு நடுவில் நின்றார். அதட்டினால் நிற்கிறவள்தான், நேற்று வரை. அதட்ட வாயெடுத்தார். அதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவளை இழுத்துவரப் போகிறாரா, கூடப் போகிறாரா என்று அவரே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

எதிரே சைக்கிளில் வந்த இளவரசு, பங்காளி மகன், மரியாதையாக இறங்கி நின்றான்.

"இன்னா பெரியப்பா, வெயில்ல எங்க?"

"காலனிக்கு."

இளவரசு சரியாகக் காதில் வாங்கினோமா என்று விழித்தான். நாட்டாமை வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அவன் பார்த்ததே இல்லை. "காலனிக்கா? அங்க இன்னா வேல பெரியப்பா?"

ரத்தினம்மாள் வாய்க்கால் பாலத்தில் ஏறிவிட்டாள். சடையப்பன் நடையை எட்டிப்போட்டார்.